பேய்க்கு முன்னால் வீடு: பேய்வீட்டுக் கதை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியரான இளைய பிளினி, சூரா என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஏதென்ஸ் நகரத்து வீடு ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். விசாலமான வீடு, ஆனால் குடியிருக்க ஆளில்லை. இரவானால் இரும்பு உரசும் சத்தம் கேட்கும். முதலில் தொலைவில், பிறகு பக்கத்தில். அப்புறம் சங்கிலி பூட்டிய கிழவன் ஒருவனின் உருவம் தெரியும். அத்தனோடோரஸ் என்ற தத்துவ அறிஞர் வாடகை இவ்வளவு மலிவாக இருப்பது ஏன் என்று விசாரிக்கிறார். காரணம் தெரிந்ததும் அதற்காகவே அந்த வீட்டை எடுக்கிறார். வீட்டு ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டு முன்பக்கத்தில் விளக்கும் எழுதுபலகையுமாக உட்காருகிறார். உருவம் வந்து விரலை அசைத்துக் கூப்பிடுகிறது. 'கொஞ்சம் பொறு' என்று கையைக் காட்டிவிட்டு அவர் எழுதிக்கொண்டே இருக்கிறார். அது அவர் தலைக்கு மேலே சங்கிலியைக் குலுக்குகிறது. விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். முற்றத்தில் ஓரிடத்தில் அது மறைகிறது. மறுநாள் அங்கே தோண்டினால் சங்கிலி பிணைந்த எலும்புகள். முறையாக அடக்கம் செய்தபின் வீடு அமைதியாகிவிடுகிறது.

மலிவு வாடகை, நம்பாத ஆள், தொலைவிலிருந்து நெருங்கும் சத்தம், தீராத ஒரு குறை என்று இன்றைய பேய்வீட்டுக் கதைக்கு வேண்டியதெல்லாம் இந்தச் சிறிய கடிதத்திலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், பேய் நடந்த வழி நமக்குத் தெரிகிறது: வாசல், முன்னறை, முற்றம். கிழவனைப் பற்றி பிளினி அதிகம் சொல்லவில்லை, வீடுதான் கண்முன் நிற்கிறது.

காட்டிலும் சுடுகாட்டிலும் பயப்படுவதில் வியப்பில்லை. அங்கே போகும்போதே உடம்பு விழிப்பாக இருக்கும். வீடு அப்படியல்ல. தாழ்ப்பாளைப் போட்டதும் தோள் தளர்கிறது, செருப்பைக் கழற்றுகிறோம், விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறோம். பேய்வீட்டுக் கதை நடப்பது அந்தத் தாழ்ப்பாளுக்கு உட்பக்கம். வாசகருக்கு அதில் இருக்கும் ஈர்ப்பே இதுதான்: தன் வீட்டை நினைத்துப் பார்க்காமல் அந்தக் கதையைப் படிக்க முடியாது. அதனால் எழுதுபவர் முதலில் கட்ட வேண்டியது வீட்டை. கீழே வரும் படிகள் சுமார் 4000 சொற்கள் கொண்ட சிறுகதையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகின்றன. நாவலுக்கு அளவு மாறும், வரிசை மாறாது.

படி 1: வீட்டைத் தேர்ந்தெடுங்கள்

மலை மேல் பங்களா, லாந்தர் ஏந்திய காவல்காரக் கிழவர், குதிரை வண்டிச் சத்தம். இவற்றை விட்டுவிடுங்கள். வாசகர் பங்களாவைப் பார்த்தவுடனே பயப்படத் தயாராகிவிடுவார். தயாராக இருப்பவரைப் பயமுறுத்துவது கடினம்.

இருள் தானாகவே ஊறிக் கிடக்கும் கட்டடம் வேண்டுமென்றால் செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள் அவை. நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றி அறைகள். மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஓர் அறை. பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது, அங்கே வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களுக்குப் பணம் வந்த வழி அறுந்தது. இன்று பல வீடுகளுக்குப் பங்காளிகள் ஏராளம். எல்லோரும் சம்மதிக்காமல் விற்க முடியாது, இடிக்கவும் முடியாது. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ மட்டும் திறக்கப்படும் வீடு என்றால், கதைக்கு வேண்டிய பாதி வேலையை ஊர் வழக்கமே செய்து கொடுத்துவிட்டது.

அடுக்குமாடியும் நன்றாக ஒத்துவரும். ஆனால் அங்கே பயத்தின் வகை வேறு. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும், மேல்வீடு காலியாக இருக்கும். தனிமைக்குப் பதில் அங்கே சுவருக்கு அப்பால் ஆள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. எந்த வீடாக இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள். கதை நடுவில் தோப்புக்கும் பாழடைந்த கோயிலுக்கும் ஓடினால் கட்டிய இறுக்கம் அவிழ்ந்துவிடும்.

படி 2: கட்டத் தாளில் வரைபடம் போடுங்கள்

ஒரு சொல் எழுதுவதற்கு முன் இதை முடியுங்கள். ஒரு கட்டம் இரண்டு அடி என்று வைத்துத் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை, கிணற்றடி எல்லாவற்றையும் வரையுங்கள். பிறகு ஒவ்வொரு கதவுக்கும் மூன்றைக் குறியுங்கள்: எந்தப் பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, நாதாங்கி வெளியே இருக்கிறதா. வெளிப்பக்கம் நாதாங்கி உள்ள அறை ஒன்று இருந்தால் அதை வைத்தே ஒரு கதை எழுதலாம். உள்ளே இருப்பவரை யாரோ பூட்ட நினைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள்.

படிக்கட்டின் எண்ணிக்கையை எழுதுங்கள். பதினேழு என்றால் கதை முழுக்கப் பதினேழு. சுவிட்ச் கதவுக்கு எந்தக் கைப்பக்கம், படுக்கையிலிருந்து எத்தனை எட்டு என்பதும் வேண்டும். கூடத்தில் உட்கார்ந்தவருக்கு எந்தெந்த வாசல் கண்ணில் படும், எது படாது என்பதற்குக் கோடு இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் படாத மூலைதான் பேயின் இடம்.

இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான். மூன்றாம் பக்கத்தில் அடுக்களைக்கு இடப்பக்கம் இருந்த மாடிப்படி ஒன்பதாம் பக்கத்தில் வாசலுக்கு வந்துவிடும். வாசகருக்கு வழி தப்பினால் பயம் வராது, எரிச்சல்தான் வரும். வீடே மெல்ல உருமாறுவது உங்கள் கதையின் கருவாக இருந்தாலும் முதலில் அது மாறாமல் நிற்க வேண்டும். பதினேழு படி என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் பதினெட்டாவது படியில் கால் வைக்கும்போது வயிறு கலங்கும்.

படி 3: ஏன் வெளியேற முடியவில்லை?

பேய்வீட்டுக் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. முதல் நாள் இரவே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, ஆனாலும் குடும்பம் மறுநாள் இட்லி அவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வாசகர் கேட்கும் கேள்வி நியாயமானது: பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே?

பணத்தைப் போல வலுவான விடை வேறில்லை. மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள், சென்னையில் லீஸ் என்பார்கள். மாத வாடகைக்குப் பதில் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துக் குடியேறி, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது. நகையை அடகு வைத்து ஆறு லட்சம் கொடுத்தவர், வீட்டுக்காரர் அடுத்த ஆளிடம் வாங்கித்தான் திருப்பித் தருவார் என்ற நிலையில், சத்தம் கேட்கிறது என்பதற்காகப் போய்விட மாட்டார். அடுத்த ஆளிடம் சத்தத்தைப் பற்றி மூச்சுவிடவும் மாட்டார். அந்த இரண்டாவது மௌனத்தை எழுதுங்கள், பேயைவிட அது கொடியது.

நியூயார்க் மாநிலத்தில் 1991இல் இப்படி ஒரு வழக்கே நடந்தது. நயாக் என்ற ஊரில் தன் வீட்டில் ஆவிகள் இருப்பதாக ஊரறியச் சொல்லிவந்தவர், விற்கும்போது வாங்குபவரிடம் மட்டும் சொல்லவில்லை. முன்பணம் கொடுத்தவர் நீதிமன்றம் போனார். ஆவி இருப்பதாக விற்றவரே பரப்பியிருப்பதால், சட்டத்தின் பார்வையில் அது பேய் பிடித்த வீடுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, ஒப்பந்தத்திலிருந்து அவர் விலக வழிவிட்டது.

பணம் தவிர, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை, 'உங்க அப்பாவால முடியாததை நான் செஞ்சு காட்டுறேன்' என்ற வீம்பு ஆகியவையும் தாங்கும். மழை வெள்ளத்தில் வழி அடைபட்டது என்பது ஓரிரவுக் கதைக்கு மட்டும் தாங்கும்.

படி 4: வீட்டின் பழைய கதையை எழுதி, பிறகு மறைத்துவிடுங்கள்

யார் இறந்தார்கள், எந்த அறையில், அதன்பின் வீட்டில் என்ன மாற்றினார்கள் என்று 500 சொற்களில் தனியாக எழுதிவையுங்கள். கதைக்குள் போக வேண்டியது அதில் 100 சொற்களுக்கு மேல் வேண்டாம். அதுவும் ஒரே இடத்தில் அல்ல. மாற்றம் என்ற பகுதிதான் உங்களுக்குப் பயன்படப் போகிறது. மூடப்பட்ட கிணறு, சுவர் எழுப்பி அடைத்த வாசல், ஒரே ஓர் அறைக்கு மட்டும் புதுத் தரை. கொலையைச் சொல்லாமல் புதுத் தரையைக் காட்டினால் மீதியை வாசகரே தோண்டிக்கொள்வார்.

பேய்க்கு என்ன வேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். ஏதென்ஸ் கிழவனுக்கு அடக்கம் வேண்டும். பழி என்று மட்டும் எழுதாதீர்கள், அது மிகவும் பொதுவானது. 'அடுக்களைச் சாவி தன் இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கும் மூத்த மருமகள்' என்றால் அவள் எங்கே வருவாள், எந்நேரம் வருவாள், யாரை விடமாட்டாள் என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும்.

படி 5: பேய்க்கும் எல்லை வையுங்கள்

எல்லாம் செய்ய முடிகிற பேயிடம் பயம் நிற்காது. எதையும் செய்யக்கூடியது ஏன் முதல் பக்கத்திலேயே எல்லோரையும் முடித்துவிடவில்லை என்ற கேள்வி வந்துவிடும். மூன்று விதிகள் போதும்: எந்த இடத்தைத் தாண்டாது, எதைத் தொடாது, எப்போது வராது. இவற்றை யாரும் வாய்விட்டு விளக்கக் கூடாது. நிகழ்வுகளிலிருந்து வாசகரே ஊகிக்கட்டும். நிலைப்படியைத் தாண்டாது என்று அவர் நம்பத் தொடங்கிய பிறகு, உச்சக்கட்டத்தில் அந்த ஒரு விதியை மட்டும் உடைக்கலாம். இரண்டை உடைத்தால் ஏமாற்று.

படி 6: சத்தங்களின் இருப்புப் பட்டியல்

ஒவ்வொரு அமானுஷ்யத்துக்கும் முதலில் ஒரு சாதாரணக் காரணம் இருக்க வேண்டும். அதற்கு வீடுகள் உண்மையில் என்ன சத்தம் போடுகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். பகலில் சூடேறிய உத்திரமும் தகரமும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது 'டப்' என்று தெறிக்கும். மேல்தொட்டி காலியாகிக் குழாயில் காற்று புகுந்தால் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒலி வரும். ஓட்டுக்கு மேலே மரநாய் நடந்தால் ஆள் நடப்பது போலவே இருக்கும். அது போன இடத்தில் சோறு வேகும் மணம் வேறு வீசும். பத்தாண்டு அடுப்பு பற்றவைக்காத வீட்டில் அந்த மணத்தை நினைத்துப் பாருங்கள். கூகை இறக்கைச் சத்தமே இல்லாமல் பறக்கும், வெள்ளை முகம், மனிதர் கிறீச்சிடுவது போன்ற குரல். மச்சில் ஒன்று குடியிருந்தால் போதும்.

காதுக்குக் கேட்காத ஒலியும் உண்டு. இங்கிலாந்தின் கவன்ட்ரியைச் சேர்ந்த பொறியாளர் விக் டாண்டி 1998இல் வெளியிட்ட கட்டுரை பலருக்கும் தெரிந்தது. ஆய்வகத்தில் இரவில் தனியாக இருந்தபோது உடம்பு வியர்த்து, கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்ததாம். மறுநாள் பட்டறைப் பிடியில் மாட்டியிருந்த வாள்வீச்சுப் போட்டி வாள் ஒன்று தானாக அதிர்ந்தது. தேடிப் பார்த்தால் புதிதாகப் பொருத்திய காற்றுப் போக்கி விசிறி, 19 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 19 முறை, அதிர்வை எழுப்பிக்கொண்டிருந்தது. மனிதக் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது.

1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வந்த ஒரு குறிப்பு இதைவிடக் கதைக்கு நெருக்கமானது. பழைய வீட்டுக்குக் குடிவந்த குடும்பத்துக்குத் தலைவலி, சோர்வு, இரவில் காலடிச் சத்தம். வீட்டுச் செடிகளும் வாடின. காரணம், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி அதிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு. நம் ஊர் வீட்டில் அந்த உலை இருக்காது. சன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரோ, மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டரோ அதே வேலையைச் செய்யும். கதையில் இதைப் பயன்படுத்தினால் வாடும் செடியை முதலில் காட்டுங்கள், தலைவலி பின்னால் வரட்டும்.

கைபேசியையும் மின்வெட்டையும் பற்றி ஒரு வார்த்தை. சார்ஜ் தீர்ந்தது, சிக்னல் இல்லை என்பது எழுதுபவரின் சோம்பல் என்று வாசகருக்குத் தெரியும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மின்வெட்டு முழு இருட்டைத் தராது. எந்த அறைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை என்று உங்கள் வரைபடத்தில் குறித்துவையுங்கள். வீடு முழுக்க வெளிச்சமாக இருந்து பின்கட்டு மட்டும் இருண்டு கிடப்பது முழு இருட்டைவிட நல்லது.

படி 7: ஏணி கட்டுங்கள்

4000 சொற்களில் முதல் 700 பகல் வெளிச்சத்துக்கு. வீட்டைச் சுற்றிக்காட்ட வழிகாட்டி போல் எழுதாமல், யாருக்காவது வேலை கொடுங்கள். சாமான் இறக்குவது, ஒட்டடை அடிப்பது, குழாய் சரிபார்ப்பது என்று எதுவானாலும் சரி. வேலை செய்பவரின் கைவழியாக வீடு மனத்தில் பதியும். 700ஆம் சொல்லை ஒட்டி முதல் பிசகு. அது அற்பமாக இருக்கட்டும்: மூடிவைத்த குடம் திறந்திருக்கிறது. அடுத்த 1500 சொற்களில் நான்கைந்து நிகழ்வுகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட உடம்புக்குப் பக்கத்தில். வெளியே, பக்கத்து அறையில், அதே அறையில், படுக்கையின் மறுபக்கத்தில் என்று பிளினியின் சங்கிலிச் சத்தம் போல நெருங்க வேண்டும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் ஒன்றுமே நடக்காத ஓர் இரவைக் கொடுங்கள். அந்த இரவில் வாசகர் தூங்கமாட்டார். கடைசி 1800 சொற்களில் காரணம் தெரிவதும் உச்சமும் முடிவும்.

அடிக்கடி நேரும் தவறு, உச்சத்தில் வைக்க வேண்டியதை நடுவிலேயே செலவழிப்பது. 1200ஆம் சொல்லில் ரத்தம் வழிந்தால் 3000ஆம் சொல்லில் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

படி 8: தமிழ் வினைமுற்றைப் பயன்படுத்துங்கள்

இங்கே நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் நம் மொழி இந்த வகைக் கதைக்கென்றே சில கருவிகளை வைத்திருக்கிறது.

'கதவு திறந்தது' என்றால் நம் கண்முன் நடந்தது. 'கதவு திறந்திருந்தது' என்றால் நாம் பார்க்காதபோது யாரோ செய்துவிட்டுப் போனது. இரண்டாவதுதான் அச்சம். 'தானாகவே மெல்லத் திறந்தது' என்பதில் 'தானாகவே' வந்தவுடன் எழுத்தாளர் முதுகுக்குப் பின் நின்று 'பயப்படு' என்று சொல்கிறார். சாத்திய கதவை முதலில் காட்டுங்கள். ஒரு பத்தி கழித்து 'திறந்திருந்தது' என்று மட்டும் எழுதுங்கள்.

தமிழ் வினை, வந்தது யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்: வந்தது, வந்தாள், வந்தார். பேயைத் தெளிவில்லாமல் வைக்க நினைப்பவருக்கு இது தொல்லை. 'நடக்கும் சத்தம்', 'யாரோ இருக்கிற மாதிரி' என்று பெயர்ச்சொல்லில் நிறுத்திச் சமாளிக்கலாம். தொல்லையையே கருவியாக்குவது இன்னும் நல்லது. பெரியவர்கள் கதை முழுக்க 'அது' என்று சொல்லிக்கொண்டிருக்க, நான்கு வயதுக் குழந்தை சோறு தின்றுகொண்டே, 'அவங்க சாப்பிட மாட்டாங்களாம்' என்கிறது. அந்த 'ங்க'வும் கடைசியில் வரும் 'ஆம்' என்பதும் போதும். குழந்தைக்கு அது பெரியவர் என்று தெரிந்திருக்கிறது, மரியாதை கொடுக்கிறது, பேசியும் இருக்கிறது.

ஊர்க்காரர்கள் பேயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது குறைவு. 'காத்து கருப்பு' என்பார்கள், 'அந்தப் பக்கம் போகாதீக' என்பார்கள். யாரும் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. பால்காரர் கொல்லைப்புற வாசலுக்கு வராமல் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வருகிறார் என்று காட்டினால் போதும்.

'போலிருந்தது', 'போல் தோன்றியது' ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் இருந்தால் வெட்டுங்கள். அமானுஷ்யத்தைச் சந்தேகத்தோடு எழுதினால் வாசகரும் சந்தேகத்தோடுதான் படிப்பார். அரிசி விலையைச் சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். திடீரென, அமானுஷ்யமான, திகிலூட்டும், மயான அமைதி ஆகியவற்றுக்கும் அதே கத்தி.

படி 9: எவ்வளவு காட்டலாம்?

சிறுகதையில் உருவம் மூன்று முறைக்கு மேல் தெரியக் கூடாது. முதல் முறை பகுதி மட்டும்: நிலைப்படியைப் பிடித்திருக்கும் விரல்கள். இரண்டாம் முறை தவறான இடத்தில் ஒரு சாதாரண ஆள்: கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூத் தொடுக்கும் பெண், வீட்டுப் பெண்கள் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். மூன்றாம் முறை முகம், அதுவும் ஒரே வாக்கியத்தில். தொங்கும் நாக்கும் வெள்ளைச் சேலையும் திரையில் தேய்ந்துபோனவை. எழுத்தில் சின்னப் பிழைதான் வேலை செய்யும். பூவே இல்லாமல் நாரை மட்டும் முடிந்துகொண்டிருக்கும் கை, அவ்வளவுதான்.

படி 10: முடிவு

குறை தீர்ந்து வீடு அமைதியாவது பிளினி வழி. வீடு ஆளை விழுங்கிவிடுவது இன்னொரு வழி. மூன்றாவது, நடந்தது என்ன என்று உறுதி சொல்லாமல் நிறுத்துவது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' அப்படிப்பட்டது, வீட்டுக்குள் வந்தவள் யார் என்பதற்கு அதில் தீர்ந்த விடை கிடையாது. இந்த மூன்றாவது எளிதாகத் தெரியும், ஆனால் எழுதுபவருக்கு விடை தெரிந்திருந்தால் மட்டுமே நிற்கும். தெரியாமல் விட்ட முடிவு கதை பாதியில் அறுந்த மாதிரி இருக்கும்.

எழுதி முடித்ததும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கதையைக் கொடுத்து, படித்த பிறகு வெற்றுத் தாளில் அந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். உங்கள் கட்டத் தாளோடு ஒப்பிடுங்கள். வாசல், அடுக்களை, பேய் வரும் வழி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பேய் வரும் பத்திகளில் கை வைக்காதீர்கள். முதல் 700 சொற்களுக்குத் திரும்புங்கள், ஒட்டடைக் கம்போடு அலையும் அந்த ஆளை இன்னொரு முறை பின்கட்டுவரை நடக்கவிடுங்கள்.